வல்லாள ராஜாவின் பிள்ளை

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பெரிய கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, பௌர்ணமியாக இருந்தால் கும்பலோடு கும்பலாக மலையையும் சுற்றிவிட்டு, சுடச்சுட நாலு இட்லி சாப்பிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். "நடுவழியில் அடி அண்ணாமலை என்று ஓர் ஊர் வந்ததே, கோயிலுக்குள்ளே போனீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அங்கேதானே டீ குடித்தோம்!" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ராத்திரி நேரம், கால் வலி, இடுப்பில் தூங்கும் குழந்தை. இதற்கு நடுவில் எங்கே உள்ளே போய்ப் பார்ப்பது?

அதனால்தான் பௌர்ணமி அல்லாத ஒரு நாளில் போய் வாருங்கள் என்கிறேன். கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கிளம்பி, ரமணாசிரமத்தைத் தாண்டி, எட்டுத் திக்கு லிங்கங்களை ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டே போனால், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே வருகிறது அடி அண்ணாமலை. மலையடியில் இருப்பதால் அடி என்பது ஊர்க்காரர்கள் பேச்சு. கோயிலில் கேட்டால் ஆதி அண்ணாமலை என்பார்கள். பிரம்மாவே பிரதிஷ்டை செய்த லிங்கம், பெரிய கோயிலுக்கும் இது மூத்தது என்பது ஐதீகம். பெரிய கோயிலின் ஒன்பது கோபுரங்களையும் 217 அடி ராஜகோபுரத்தையும் பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோயில்தான். ஆனால் தள்ளுமுள்ளு கிடையாது. சுவாமியை ஆற அமர நின்று பார்க்கலாம். அருகிலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. மார்கழியில் நம் பெண்கள் பாடும் திருவெம்பாவை பிறந்த தலம் திருவண்ணாமலைதானே!

நாங்கள் போனது தை மாதம், பூசம் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். நான், என் மாமியார், என் ஓர்ப்படி மூன்று பேர். மாமியாருக்கு வயது எழுபத்தாறு. ஓர்ப்படிக்கு முப்பத்திரண்டு. எனக்கு இரண்டும் பெண்கள். அவளுக்கும் இரண்டு பெண்கள், இரண்டுமே சிசேரியன். இரண்டாவது பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. "இத்தோடு போதும்மா, உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மாமியார் நல்லவர்தான். எங்களிடம் ஒரு சுடுசொல் பேசியதில்லை. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு பெருமூச்சு விடுவார். "நாலும் பொண்ணாப் போச்சே, இந்த வீட்டுக்குக் கொள்ளி போட ஒரு புள்ள இல்லியே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவருக்குச் சொல்வது யார் காதில் விழ வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா? அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொள்ளத்தான் அவர் வந்தார். இன்னொரு தடவை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடு ஓர்ப்படி வந்தாள். இருவருக்கும் நடுவில் நான், புளியோதரைத் தூக்கோடு.

காலையில் பெரிய கோயிலில் ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போகும்போது, அடுத்தாற்போல் ஒரு கோபுரம். அதற்கு வல்லாள கோபுரம் என்று பெயர். அதில் மாடம் போன்ற இடத்தில் கை கூப்பியபடி ஒரு ராஜா சிலை. "யாருடீ இது?" என்றார் மாமியார். வல்லாள மகாராஜா, இந்தக் கோபுரத்தைக் கட்டினவர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். மாமியார் ஒரு கும்பிடு போட்டார். அதோடு நகர்ந்துவிட்டோம்.

மாமியாரை ஆட்டோவில் நேரே அடி அண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் நடந்தோம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இப்படிச் செய்யலாம். நடக்கிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. கர்ப்பிணிகளும், பிரசவமாகி ஆறு மாதம் ஆகாதவர்களும் முழுச்சுற்று நடக்க வேண்டாம். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். மாதாமாதம் அதிகம் தீட்டுப்படுகிறவர்கள், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு பிறகு நடப்பது நல்லது. ஓர்ப்படிக்காக நான் வழி நெடுக உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பாட்டியோடு சிநேகமாகிவிட்டிருந்தார். பாட்டி பூத் தொடுத்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கதை என்கிறீர்கள்? காலையில் பார்த்த அதே வல்லாள ராஜா கதை!

"பூசத்தன்னிக்கு சேதி வந்துடுச்சும்மா. ராசா செத்துட்டாருன்னு சாமிக்கு சேதி வரும். மகத்தன்னிக்கு சாமியே போயி திதி குடுக்கும்" என்றாள்.

விஷயம் இதுதான். வல்லாள மகாராஜாவுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரண்டு ராணிகள். பிள்ளை இல்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுப்பேன் என்று விரதம் பூண்டவர் ராஜா. அவரைச் சோதிக்கச் சிவபெருமான் ஜங்கமர் வேஷத்தில் வந்து, இன்று இரவுக்கு ஒரு தாசி வேண்டும் என்று கேட்டார். ஊரில் ஒரு தாசியும் ஓய்வாக இல்லாதபடி அதற்கும் அவரே ஏற்பாடு செய்துவிட்டார். வாக்குத் தவறக்கூடாது என்று இளைய ராணி சல்லமாதேவி போனாள். அவள் கை பட்டதும் ஜங்கமர் பச்சைக் குழந்தையாக மாறிவிட்டார். ராஜா வாரி எடுத்தார், குழந்தை மறைந்துவிட்டது. "உனக்கு நானே பிள்ளை, உன் கர்மத்தை நானே செய்வேன்" என்று சுவாமி வாக்குக் கொடுத்தார். சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இந்தக் கதை இருக்கிறது.

வாக்குக் கொடுத்தபடி இன்றும் நடக்கிறது. தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசானிய தீர்த்தத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். அங்கே ராஜா இறந்த செய்தியை அவரிடம் தெரிவிக்கிறார்கள். போகும்போது மேளதாளத்தோடு போன சாமி, திரும்பும்போது மேளமில்லாமல் வருகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்தில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் இருந்து திதி கொடுக்கிறார்.

இதைக் கேட்டு மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ள இல்லாதவனுக்கு சாமியே புள்ள" என்றார். ஓர்ப்படி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மட்டும் மனசு சல்லமாதேவியிடம் போய் நின்றுவிட்டது. ராஜா கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றப் போனவள் அவள். குழந்தையை முதலில் கையில் ஏந்தினவளும் அவளே. ஆனால் கோபுரத்தில் கை கூப்பி நிற்பது ராஜா, திதியும் ராஜாவுக்கு. பக்திக் கதையில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்பார்கள். தோன்றியதைச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பியதும் என் பெரியவளிடம் இதைச் சொன்னேன். அவள் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். "அம்மா, வல்லாள ராஜா கதையில் வருகிற ஆள் மட்டும் இல்லை. நிஜமாகவே இருந்தவர். ஹொய்சள வம்சத்து மூன்றாம் வீர வல்லாளர்" என்று நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் கொண்டுவந்து போட்டாள். மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு நாலு நாள் படித்தேன்.

நம் மூவேந்தர்களின் முத்திரை நம் குழந்தைகளுக்கே தெரியும். சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில். ஹொய்சளரின் முத்திரை ஒரு கதையே! சளன் என்ற இளைஞன் மீது புலி பாய வருகிறது. சமண குருவானவர், "ஹொய் சளா" என்கிறார். அடி, சளா என்று அர்த்தம். அவன் ஒரே அடியில் புலியைக் கொன்றுவிடுகிறான். அதனாலேயே வம்சத்துக்கு ஹொய்சளர் என்று பெயராம். கர்நாடகத்தில் பேலூர், ஹளேபீடு போகிறவர்கள், புலியோடு மல்லுக்கட்டும் வீரன் சிலையைப் பார்க்காமல் வர முடியாது. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோயில்கள் அவை. விஷ்ணுவர்த்தன மகாராஜா 1116-ஐ ஒட்டிச் சோழர்களிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தார். அந்தப் புலி சோழர் புலிதான், சளன் கதை பிற்பாடு கட்டினது என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. தலக்காடு கொண்டவன் என்பதைத் தன் காசிலேயே பொறித்துக்கொண்டார் விஷ்ணுவர்த்தனர். இவை போதாதென்று, தாங்கள் சந்திர குலத்து யாதவர்கள், கண்ணன் ஆண்ட துவாரகையின் வழி வந்தவர்கள் என்றும் கல்வெட்டில் எழுதிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் நாலு தலைமுறை போடுவது போலத்தான்!

பெருமைக்கு அலைவது நம் ராஜாக்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். என் சின்னவள் ஷெர்லக் ஹோம்ஸ் பைத்தியம். அதில் பாஸ்கர்வில் வீட்டு வேட்டைநாய்க் கதையில் வருகிற பெரியவர் ஒரு பாரனெட்டாம். அப்படியென்றால் என்ன என்றேன். இங்கிலாந்தில் 1611-இல் முதலாம் ஜேம்ஸ் ராஜா ஏற்படுத்திய பட்டம் அது. அயர்லாந்தின் அல்ஸ்டருக்கு அனுப்பும் படைக்குப் பணம் வேண்டியிருந்தது. முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருஷச் சம்பளம், 1,095 பவுன், கட்டுகிற குடும்பத்துக்குப் பரம்பரைப் பட்டம் என்றார். அதனால் இன்றும் அந்தக் குடும்பங்கள் பலவற்றின் கேடயச் சின்னத்தில் அல்ஸ்டரின் சிவப்புக் கை இருக்கிறது. அப்பாவுக்குப் பின் மூத்த பிள்ளை, அவனுக்குப் பின் அவன் பிள்ளை. பெண்ணுக்கு, அங்கொன்று இங்கொன்று தவிர, பட்டம் இல்லை. ஆண்வாரிசு அற்றுப்போனால் பட்டமும் அற்றுப்போகும். கதையில் பெரியவருக்குப் பிள்ளை இல்லாததால்தான் அண்ணன் தம்பி வழியில் ஒரு பிள்ளையை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வரவழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் அந்தப் பட்டம் வந்தது. பம்பாய்ப் பார்ஸி வியாபாரி ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய்க்கு 1857-இல் கொடுத்தார்கள். பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரை விட்டு அவர் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் வழக்கம்தான், கொஞ்சம் கெடுபிடியாக!

மைசூர் அரண்மனைக் கதை இன்னும் ஒரு படி மேல். அவர்கள் சின்னம் இருதலைப் பட்சி, கண்டபேருண்டம். இப்போது கர்நாடக அரசின் சின்னத்திலும் அதுதான் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை இழந்த அதிகாரியின் மனைவி அலமேலம்மா, நகைக்காகத் துரத்தப்பட்டு, மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சாபமிட்டுக் காவிரியில் விழுந்தாள் என்பது கர்ண பரம்பரைக் கதை. நாலு நூற்றாண்டு ஆகியும் அரண்மனையில் அவள் சிலைக்குப் பூஜை நடக்கிறதாம். 2013-இல் கடைசி மகாராஜாவின் மகன் வாரிசில்லாமல் காலமானபோது, அவர் மனைவி 2015-இல் தத்து எடுத்துக்கொண்டுதான் பரம்பரை தொடர்ந்தது. ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலை இத்தனை காலம் நினைவு வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

நம் வல்லாளருக்கு வருவோம். ஹொய்சளர்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியர் இல்லை. நம் சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கொப்பம் என்ற இடத்தில் தலைநகர் வைத்து ஆண்டிருக்கிறார்கள். சோழர் வீட்டிலும் பாண்டியர் வீட்டிலும் சம்பந்தம் வேறு. சோமேசுவரன் என்ற ஹொய்சள ராஜாவைப் பாண்டியர் கல்வெட்டு "மாமடி" என்கிறது. மாமா என்று அர்த்தம்! புலியை அடித்தவன் கதையைக் கோயில் கோயிலாகச் செதுக்கினார்கள். மூன்று ராஜ்யத்தையும் மாமன் மச்சானாக்கின பெண்களை எந்த முத்திரையிலும் காணோம்.

மூன்றாம் வல்லாளர் பட்டத்துக்கு வந்தது 1292-ஐ ஒட்டி. 1311-இல் மாலிக் காபூரின் படை அவர் தலைநகர் துவாரசமுத்திரத்தில் புகுந்தது. அதுதான் இன்றைய ஹளேபீடு. 1327-ஐ ஒட்டித் தில்லிப் படை மறுபடியும் வந்து பாழாக்கிவிட்டது. வீடு போனால் வேறு வீடு பார்க்கிற மாதிரி, அவர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். மலையடியில் புதுத் தலைநகர். அதற்கு அருணசமுத்திரம் என்று பெயர் வைத்தாராம். இழந்த ஊர்ப் பெயரில் பாதி அதில் இருக்கிறது பாருங்கள். பிறந்த ஊரை விட்டு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்களுக்கு அந்த மனசு புரியும்.

அவர் முடிவு நல்ல முடிவாக இல்லை. 1342-இல் மதுரை சுல்தான் கியாசுதீனோடு கண்ணனூர்க் கொப்பத்தில் யுத்தம். அப்போது ராஜாவுக்கு எண்பது வயது என்று எழுதியிருக்கிறார் இபன் பதூதா. மொராக்கோ தேசத்திலிருந்து வந்த யாத்ரிகர் இவர். சுல்தானுக்கு உறவுக்காரரும் கூட. இருவரும் அக்கா தங்கையைக் கட்டினவர்கள். ராஜாவைப் பிடித்துச் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எண்பது வயதுக் கிழவர். நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அப்படி நினைத்துப் பார்க்க முடியுமா? குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நாலு பேர் தூக்கிப் போகிற சாவு அவருக்கு இல்லை. ராஜா செத்தார் என்ற சேதி இந்த ஊருக்கு வந்த விதமும், ஊர் அழுத அழுகையும், சுவாமி மேளமில்லாமல் திரும்புகிற அந்தத் தைப்பூச ஊர்வலத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடம்புக்குச் செய்ய முடியாததை வருஷா வருஷம் ஆற்றங்கரையில் செய்கிறார்கள்.

இதில் பெரியவள் ஒன்றைச் சுட்டிக்காட்டினாள். வல்லாளருக்குப் பிள்ளை இருந்தான்! விருபாட்சன் என்று பெயர். நாலாம் வல்லாளன் என்று பட்டமும் கட்டிக்கொண்டான். ஆனால் மூன்று நாலு வருஷம்தான். 1346-க்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. விஜயநகரத்து ஹரிஹரர், புக்கர் சகோதரர்கள் கையில் ராஜ்யம் போய்விட்டது. பிறகு புக்கரின் மகன் குமார கம்பணர்தான் மதுரை சுல்தானை வென்றவர். அந்த வெற்றியை மதுரா விஜயம் என்று சமஸ்கிருதத்தில் காவியமாகப் பாடியது யார் தெரியுமா? கம்பணரின் மனைவி கங்காதேவி. ஆக, பிள்ளை இருந்தும் ஹொய்சள வம்சம் நின்றுபோயிற்று. புலி முத்திரையும் காசும் பட்டங்களும் அவனோடு போயின. அந்த வம்சத்தில் இன்றைக்கும் எள்ளும் தண்ணீரும் கிடைக்கிற ஒருவர், பிள்ளையே இல்லை என்று கதை சொல்கிற இந்த வல்லாளர்.

இதையெல்லாம் பெரியவள் சாப்பாட்டு நேரத்தில் பாட்டிக்குச் சொன்னாள். மாமியார் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ள இருந்தானா?"

"இருந்தான் பாட்டி."

"அப்போ அந்தப் புள்ளைக்கு யாரு திதி குடுக்குறா?"

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மாமியார் எழுந்து போய்க் கை கழுவினார். அன்று விளக்கேற்றிய பிறகு சுவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

நான் இதுதான் சமயம் என்று ஓர்ப்படியைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கொழுந்தனாரையும் விடவில்லை. டாக்டரம்மா அவரை உட்கார வைத்துப் பாடமே நடத்தினார். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற குரோமோசோம்தான் இருக்கும். தகப்பனின் உயிரணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். இதில் தாயாரின் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை ஆபரேஷன் ஆன கர்ப்பப்பையில் மூன்றாவதும் வந்தால், நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகிற ஆபத்து கூடும். கொழுந்தனார் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டார். ஓர்ப்படிக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பத்தடைக்கு என்ன செய்வது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஆண்களுக்குச் செய்வது பெண்களுக்குச் செய்வதைவிடச் சுலபமான ஆபரேஷன் என்பதையும் டாக்டரம்மா சொல்லத் தவறவில்லை. சொத்து விஷயத்திலும் கவலை எதற்கு? நம் தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்கவும் வந்தது.

மாசி மகம் நெருங்கியதும் மாமியாரே, "அந்தப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகணும்" என்றார். போய் வந்தோம். போகிறவர்கள் திருவண்ணாமலையில் முதல் நாளே தங்கிவிடுவது உத்தமம். நதிக்கரையில் நிழல் குறைவு. தொப்பியோ குடையோ, குடிக்கத் தண்ணீரோ இல்லாமல் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். எங்கள் வீட்டு நாலு பெண்களும் வந்திருந்தார்கள். சுவாமி வந்து, ராஜாவுக்கான திதியும் தீர்த்தவாரியும் நடக்கும்வரை மாமியார் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றாலும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொஞ்சம் எள்ளை எடுத்தார். ஓர்ப்படியின் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் உள்ளங்கையில் எள்ளை வைத்து, தண்ணீர் வார்த்து, விரல் வழியாக விடச் சொன்னார்.

"யாருக்குப் பாட்டி?" என்றாள் குழந்தை.

"அந்த ராசாவோட பையனுக்கு" என்றார்.